ஆத்தங்குடிக் கல்லா, காரைக்குடிப் பலகாரமா? செட்டிநாட்டில் ஒரு நாளுக்கு எது சரி

என் தம்பி மகன் இத்தாலியில் வேலை பார்க்கிறான். பார்மா நகருக்கு ஒரு நாள் போய்வந்ததைப் பற்றி வீடியோ காலில் அரை மணி நேரம் பேசினான். காலையில் சீஸ் செய்யும் இடம், மதியத்துக்கு மேல் பழைய நகரம். தனியாக ஒரு கார், கூடவே விவரம் சொல்ல ஒருவர். முந்தின நாள் மாலைப் பாலை இரவெல்லாம் வைத்து ஆடை எடுத்து, அதை மறுநாள் காலைப் பாலோடு சேர்த்துப் பெரிய செப்பு அண்டாவில் ஊற்றுகிறார்கள். ஓர் அண்டாவுக்கு 1,000 லிட்டருக்கு மேல் பால். அதில் தேறுவது இரண்டே வட்டு, ஒவ்வொன்றும் 40 கிலோ அளவில். குறைந்தது 12 மாதம் அடுக்கில் கிடந்து முற்றினால்தான் பார்மிஜானோ என்ற பெயரில் விற்க முடியும்.

"ரெண்டு பேர் துணியில கட்டித் தூக்குறாங்க அத்தை. நம்ம வீட்ல பன்னீர் வடிகட்டுற மாதிரியேதான், ஆனா ஒரு ஆள் கனம்" என்றான். அப்புறம், "பொங்கலுக்கு இவளையும் கூட்டிட்டு வர்றேன். நம்ம பக்கம் இப்படி ஒரு நாள் சுத்திப் பாக்க முடியுமா?" என்று பக்கத்தில் இருந்த பெண்ணைக் காட்டிக் கேட்டான்.

முடியும் என்றேன். எதைக் காட்டுவது என்று யோசிக்க உட்கார்ந்தபோதுதான் சிக்கல். சீஸ் நம் பக்கத் தொழில் இல்லை. ஆனால் பழைய ஊரும் கைத்தொழிலும் சேர்ந்த நாள் என்று பார்த்தால் செட்டிநாட்டில் நல்ல வழிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, ஆத்தங்குடியில் தரைக்கல் வார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கானாடுகாத்தான் வீடுகளுக்குப் போவது. இன்னொன்று, காரைக்குடியில் பலகாரம் செய்யும் அடுப்படியில் காலையைக் கழித்துவிட்டு அந்த ஊரையே சுற்றுவது. வந்த விருந்தாளிகளை இரண்டுக்கும் பலமுறை அழைத்துப் போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எதை எடுத்தாலும் ஒரு விஷயத்தை முதலில் மனதில் வையுங்கள். காலை நேரம் கைத்தொழிலுக்கு, மதியம் வீடுகளுக்கு. வீடு எங்கேயும் போகாது. வேலை செய்கிறவர்கள் சாப்பிடப் போவார்கள். முதல் தடவை நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். வாடகைக் கார் ஓட்டி வந்தவர் சொன்னபடி மாளிகைகளை முதலில் பார்த்துவிட்டுக் கல் பட்டறைக்குப் போனோம். மணி ஒன்றரை. வரிசையாகக் காய்கிற கல்தான் இருந்தது, ஆள் இல்லை. கூட வந்த பெரியவர் வெயிலில் நின்று அரை மணி நேரம் காத்திருந்ததை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது.

ஆத்தங்குடி, கானாடுகாத்தான்

காரைக்குடியிலிருந்து கிளம்பினால் அரை மணி நேரத்துக்குள் ஆத்தங்குடி. அங்கிருந்து கானாடுகாத்தான் இன்னும் கொஞ்ச தூரம். நாளெல்லாம் சுற்றினாலும் வண்டியில் இருப்பது ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டாது.

இந்தக் கல்லுக்குச் சூளை கிடையாது என்பதே பலருக்கு ஆச்சரியம். வெயிலும் தண்ணீரும்தான் இதைக் கல்லாக்குகின்றன. ஒரு சதுரக் கண்ணாடியைத் துடைத்து வைக்கிறார்கள். அதன் மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூவும் கொடியுமாகத் தகட்டை வளைத்துச் செய்த அச்சு. அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் தோசை மாவு பதத்தில் கரைத்த வண்ணச் சிமெண்டைச் சிறு கரண்டியால் ஊற்றுகிறார்கள். சிவப்பு ஓர் அறையில், மஞ்சள் பக்கத்து அறையில், நடுவில் பச்சை. எல்லாம் நிரம்பியதும் வேலை செய்கிறவர் அச்சின் பிடியில் கை வைத்து, ஒரு விநாடி நிறுத்தி, நேராக மேலே எடுக்கிறார். தகடு போன இடத்தில் வண்ணங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன, கலக்கவில்லை. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த விநாடியில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

பிறகு அதன் முதுகில் உலர்ந்த சிமெண்டும் மணலும் கலந்த தூளைத் தூவுகிறார்கள், ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு மேல் கெட்டிக் கலவையைக் கரண்டியால் அப்பி, அழுத்தி, மட்டம் தட்டுகிறார்கள். சட்டத்தைக் கழற்றிக் காயவைத்து, அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறவிடுகிறார்கள். ஊறி எடுத்துக் காய்ந்தபின் கண்ணாடி தானாகவே விட்டுக்கொடுக்கும். அடியில் இருந்த பக்கம்தான் இனி மேல்பக்கம். கண்ணாடி தந்த வழவழப்பு அப்படியே இருக்கும்.

"கண்ணாடியைக் கையால பிரிக்க மாட்டீங்களாண்ணே?" என்று கல் வார்க்கிறவரிடம் கேட்டேன் ஒருமுறை. "நாம பிரிச்சா பூ பிஞ்சிரும்மா. அதுவா விடணும்" என்றார்.

மணல் அந்த ஊர் மணல். வெளிநாட்டுப் பூக்கல்லை இறக்குமதி செய்த வீடுகளுக்குப் போட்டியாக உள்ளூர்க் கைகள் உருவாக்கிய தொழில் இது. பதித்த பிறகு மினுமினுப்பு நடக்க நடக்கத்தான் கூடும். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பராமரிக்கிற வீடுகள் இன்றும் உண்டு.

இந்தப் பயணத்தின் பெரிய பலம் இங்கேதான் இருக்கிறது. காலையில் வார்த்துப் பார்த்த கல்லின் மீது மதியம் நீங்கள் வெறுங்காலோடு நடக்கிறீர்கள். ஆத்தங்குடியிலேயே லட்சுமி வீடு என்கிற பெரிய வீட்டைக் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். முகப்பைத் தாண்டினால் வளவு என்கிற முற்றப் பகுதி, அதற்கப்புறம் இரண்டாம் கட்டு, கடைசியில் சமையற்கட்டு. முன்வாசலில் நின்றால் பின்வாசல் வெளிச்சம் தெரிகிற மாதிரி நேர்கோட்டில் வீடு போகும். தூண்கள் பர்மாத் தேக்கு. சுவரைத் தொட்டுப் பாருங்கள், பளிங்கு போலக் குளிரும். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துத் தேய்த்த பூச்சு அது.

கானாடுகாத்தானுக்கு வந்தால் தெருவே ஒரு காட்சி. ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனை, 1912-ஆம் ஆண்டுக் கட்டடம், அங்கேதான் நிற்கிறது. அதை வெளியிலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொண்டு போங்கள். உள்ளே போகலாம் என்ற நம்பிக்கையில் நாளை அமைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பக்கத்துத் தெருக்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்தால் மனம் கனக்கும். பர்மாவில் வட்டித் தொழில் செய்து சேர்த்த பணத்தில் எழுந்தவை பல. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது அந்தக் கணக்கு உடைந்தது. கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும் திறக்கிற வீடுகள் இன்றும் நிறைய.

குறை என்று சொன்னால், பட்டறையில் உட்கார இடம் இருக்காது. சிமெண்ட் தூசி இருக்கும், மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காயவைக்க வெயில் இல்லாமல் வேலை மந்தமாகிவிடும். கல் வாங்க ஆசை வந்தால் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கனம் அதிகம். மதியச் சாப்பாட்டுக்குக் கானாடுகாத்தானில் பழைய வீடுகளில் நடக்கும் விடுதிகளிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சும்மா போய் நின்றால் இலை கிடைக்காது.

காரைக்குடி, பலகார அடுப்படி

சீஸ் பட்டறைக்கு நெருங்கின சொந்தம் என்றால் இதுதான். வாயில் போடக்கூடிய ஒன்று கண்ணெதிரே உருவாகிறது. காரைக்குடியில் கல்யாணத்துக்கும் சீருக்கும் ஆர்டர் எடுத்துப் பலகாரம் செய்யும் வீடுகள் பல இருக்கின்றன. விடுதி வழியாகப் போகிறவர்களுக்கு ‘தி பங்களா’ போன்ற இடங்களில் சமையல் செய்து காட்டும் ஏற்பாடு உண்டு. எனக்குப் பிடித்தது வீட்டு அடுப்படிதான். தெரிந்தவர் மூலம் கேட்டு, அவர்களுக்குத் தொந்தரவு இல்லாத நாளாகப் பார்த்துப் போக வேண்டும்.

வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு சொல்கிற விதமே அழகு. ஓர் உழக்குப் பச்சரிசியைத் தலைதட்டி எடுத்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் கொட்டுவார்கள். எவ்வளவு நிற்கிறதோ அதுதான் அளவு. தனியாக எடைக்கணக்கு இல்லை. இரண்டு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெய் போல அரைத்து, உப்புப் போட்டு, ஒரு கரண்டி மாவை எண்ணெயில் விடுகிறார்கள். விட்ட மாவு அடியில் போய், ஒரு நொடி யோசித்துவிட்டு மேலே எழும்பி உப்பும்.

நான் இரண்டாவது கரண்டியை உடனே ஊற்றப் போனேன். அந்த வீட்டு ஆச்சி என் கையைப் பிடித்துவிட்டார்கள். "ஒண்ணொண்ணாத்தாம்மா ஊத்தணும். அது எந்திரிக்க இடம் வேணும்ல?" ஒன்று எழுந்து, திரும்பி, வெள்ளை மாறாமல் வெளியே வந்த பிறகுதான் அடுத்தது. நாலு பேர் சாப்பிட ஆகிற நேரத்தை நினைத்துப் பாருங்கள். தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல்.

சீப்புச்சீடைக்கு வரிவரியாகப் பிழிந்த மாவைச் சிறு துண்டாக வெட்டி, ஆள்காட்டி விரலில் சுற்றி, முனையை ஒட்டிக் கழற்றுகிறார்கள். குழந்தைகள் விட மாட்டார்கள், உடனே கை நீட்டுவார்கள். மனகோலம் என்கிற இனிப்புக்கு வெல்லப் பாகின் பதம்தான் உயிர். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் கணீரென்று சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தத்துக்காக எல்லோரும் பேச்சை நிறுத்துகிற நேரம் ஒன்று இருக்கிறது, அதை நான் மிகவும் விரும்புகிறேன்.

ஊர் சுற்றும் பகுதி இதில் கொஞ்சம் இளைப்புதான். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பொருள் கடைகள்: மரத்தூண், எனாமல் தூக்குச்சட்டி, பழைய படங்கள். ஆயிரம் சன்னல் வீட்டை வெளியிலிருந்து பார்க்கலாம். கொப்புடையம்மன் கோயில் உண்டு. தமிழ் வாசிக்கிறவர்களாக இருந்தால் கம்பன் மணிமண்டபத்துக்குக் கட்டாயம் போங்கள். சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகத்தின் ஊர் இது. ஆனால் இடையில் எல்லாம் போக்குவரத்தும் கடைத்தெருவும். கானாடுகாத்தான் தெருவில் நிற்கும்போது கிடைக்கிற அந்த அமைதி இங்கே இல்லை.

கண்டாங்கிச் சேலை நெசவையும் மூன்றாவது வழியாகச் சிலர் சொல்வார்கள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை, தறியின் முன் அரை மணி நேரம் நிற்பது நல்ல அனுபவம்தான். ஒரு முழுக் காலைக்கு அது போதாது. இரண்டில் எதோடும் சேர்த்துக்கொள்ளலாம்.

வண்டிக் கணக்கு

மதுரையிலோ திருச்சியிலோ இறங்கி வருகிறவர்களுக்குக் காரைக்குடி இரண்டு பக்கமும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். வெளியூர் வாடகைக்கு ஒரு நாளுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவது பல இடங்களில் வழக்கம். ஆத்தங்குடிப் பயணம் அதற்குள் அடங்கிவிடும். காரைக்குடிப் பலகாரப் பயணத்தில் கிலோமீட்டர் மிச்சமாகும். மதுரையிலிருந்து வந்தால் அந்த மிச்சத்தில் வழியிலேயே பிள்ளையார்பட்டிக் குடைவரையைப் பார்க்கலாம். திருச்சியிலிருந்து வந்தால் 1687-இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டிய திருமயம் கோட்டை. டிரைவர் பேட்டா இதில் சேர்ந்ததா, தனியா என்று ஏறும் முன்பே கேளுங்கள். கடைக்குக் கூட்டிப் போகிறேன் என்றால், வாங்குவது உங்கள் இஷ்டம் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இரண்டையும் ஒரே நாளில் அடைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். இரண்டுக்கும் காலைதான் நேரம். ஒன்றில் அச்சு தூக்குகிற விநாடி தவறும், அல்லது இன்னொன்றில் பாகு பதம் தவறும்.

செட்டிநாட்டை முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு என் தேர்வு ஆத்தங்குடிதான், தயக்கமே இல்லை. தொழிலும் வீடும் ஒரே கதையின் இரண்டு பாதிகளாக அங்கே சேர்கின்றன. பலகாரப் பயணத்தில் காலை மிக இனிப்பு, மதியம் தனி நாள் போல ஆகிவிடுகிறது. மழைக்காலம் என்றாலோ, வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் கூட வந்தாலோ, வீடுகளை முன்பே பார்த்துவிட்டவர்கள் என்றாலோ, அடுப்படிக்கே போங்கள். தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் மட்டும் வேண்டாம். அவர்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது.

தம்பி மகனுக்கு ஆத்தங்குடி என்று சொல்லிவிட்டேன். தை மாத வெயில் கல்லுக்கும் நல்லது, அந்தப் பெண்ணுக்கும் தாங்கும். காலை ஒன்பது மணிக்குப் பட்டறை, பதினொன்றரைக்குப் பெரிய வீடு, கானாடுகாத்தானில் இலைச் சாப்பாடு. ராத்திரிச் சாப்பாடு என் வீட்டில். கவுனி அரிசி சமைப்பதாக இருக்கிறேன், அதை மட்டும் முதல் நாள் இரவே ஊறப்போட்டுவிட வேண்டும்.