உறைபனி எட்டிப்பார்க்கும் தோட்டத்தில் மாமரம்: தரையிலா, தொட்டியிலா?

குளிர்காலத்தில் ஓரிரு இரவுகள் மட்டும் 0 டிகிரிக்குக் கீழே போகும் இடத்திலும் மா வளர்க்கலாம். எங்கே நடுவது என்பதுதான் கேள்வி.

தொட்டியில் வைத்தால் பனி வரும் மாலையில் மரத்தை உள்ளே கொண்டுபோய்விடலாம். ஆனால் 50 லிட்டர் தொட்டியை ஈரமண்ணோடு தூக்க முடியாது, சக்கரப் பலகை வேண்டும். வெளியிலேயே மறந்துவிட்டால் தரையில் இருப்பதைவிடச் சீக்கிரம் வேர் குளிர்ந்துவிடும். காயும் கொஞ்சம்தான், குட்டை ரகம்தான் சரிப்படும்.

தரையில் முதல் சில குளிர்காலங்கள்தான் கண்டம். இளங்கன்று -1, -2 டிகிரியிலேயே கருகிவிடக்கூடும். வளர்ந்த மரமோ -4 டிகிரியைச் சில மணி நேரம் தாங்கி, இலையும் சிறுகிளையும் போனாலும் மறுபடி துளிர்க்கும். அதனால் கன்றை வெயில் வாங்கும் சுவரோரம் நடுங்கள். குளிருக்கு முன் ஒட்டுப்பகுதிக்கு (வேர் தரும் செடியான வேர்ச்செடியோடு நல்ல ரகத்தை ஒட்டிய இடம்) மேல்வரை மண் அணையுங்கள். மேலே எல்லாம் பட்டுப்போனாலும் ஒட்டுக்கு மேல் ஒரு சாண் பிழைத்தால் அதே ரகம் மீண்டு வரும். ஒட்டுக்குக் கீழே துளிர்த்தால் கிடைப்பது வேர்ச்செடியின் பழம்தான். குளிர்காலம் கழிந்ததும் அந்த மண்ணை விலக்கிவிடுங்கள், இல்லையென்றால் பட்டை அழுகும்.

பனி இரவில் மரத்தை மூடும் துணி தரைவரை தொங்க வேண்டும். மண்ணிலிருந்து எழும் வெதுவெதுப்பைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. துணியைத் தண்டோடு சேர்த்துக் கட்டினால் அந்த வெதுவெதுப்பு வெளியே நின்றுவிடும்.

இடம் இருந்தால் நான் தரையைத்தான் சொல்வேன். தொட்டியை எலுமிச்சைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், கருகிய கிளையை உடனே வெட்ட வேண்டாம். துளிர் எங்கே வருகிறதென்று பார்த்துவிட்டு வெட்டுங்கள்.