ஒற்றைச் சக்கரமா, இரட்டைச் சக்கரமா: ஒரே டிரெய்லர், இரண்டு டிரக், ஏழு ஆண்டுகள்

2019 வசந்தத்திலிருந்து ஒரே ஃபிஃப்த் வீல் டிரெய்லரை, அதாவது குடும்பத்தோடு தங்கும் வீட்டு டிரெய்லரை, இரண்டு பிக்கப் டிரக்குகளால் இழுத்திருக்கிறேன். முதல் இரண்டரை ஆண்டு, பின்னால் பக்கத்துக்கு ஒரு சக்கரம் மட்டும் உள்ள முக்கால் டன் டீசல் டிரக். அதற்கப்புறம் இன்றுவரை, பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சக்கரம் ஓடும் ஒரு டன் டிரக். இங்கே டெக்சாஸில் அதை டூயலி என்பார்கள். முக்கால் டன், ஒரு டன் என்பவை டிரக் ரகத்தின் பெயர்கள்தான், உண்மையான சுமை அளவு அல்ல. டிரெய்லர் மாறவில்லை, குடும்பம் மாறவில்லை, டாலஸிலிருந்து கொலராடோ போகும் வழியும் மாறவில்லை. அதனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை என்னால் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல முடியும். டிரக் வாங்கப் போகிறவர்கள் என்னைப் போல இரண்டு தடவை பணம் கட்டக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதல் டிரக் வாங்கும்போது நான் பார்த்தது இழுவைத் திறன் என்ற ஒரே எண்ணை. விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பதும் அதுதான். டிரெய்லரின் உச்ச எடை, சாமானோடு சேர்த்து, 14,000 பவுண்டு, டிரக் அதைவிட அதிகமாக இழுக்கும் என்று போட்டிருந்தது, சரி என்று வாங்கிவிட்டேன். ஆனால் ஃபிஃப்த் வீல் டிரெய்லர் பம்பருக்குப் பின்னால் தொங்குவதில்லை. அதன் மூக்கு டிரக்கின் பின்னால் சாமான் ஏற்றும் தொட்டிக்குள் ஏறி, பின் அச்சுக்கு நேர் மேலே உட்கார்கிறது. டிரெய்லர் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல், டிரக்கின் முதுகில் இறங்கும். இழுக்கும் எடையை இன்ஜின் பார்த்துக்கொள்ளும். சுமக்கும் எடையைப் பின் டயர்தான் தாங்க வேண்டும்.

இதை எனக்குப் புரியவைத்தது நியூ மெக்சிகோவில் கிளேட்டன் என்ற சின்ன ஊர். 2021 ஜூன், ஞாயிற்றுக்கிழமை மதியம். ஃபோர்ட் வொர்த்திலிருந்து 287 நெடுஞ்சாலையில் அமரில்லோ வந்து, டால்ஹார்ட் வழியாக ரட்டோன் கணவாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். வழி முழுக்கத் தென்மேற்குக் காற்று. பெட்ரோல் பங்கில் நான் டீசல் பிடித்துக்கொண்டிருந்தேன், மனைவி பிள்ளைகளை இறக்கிவிட்டு வண்டியைச் சுற்றி வந்தார். "என்னங்க, இந்த டயர்ல ஒரு கட்டி மாதிரி இருக்கே, வந்து பாருங்க" என்றார். இடப்பக்கப் பின் டயரின் பக்கச் சுவரில், எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம். புறங்கையை வைத்துப் பார்த்தேன், ஒரு நொடிக்கு மேல் வைக்க முடியவில்லை. உள்ளே இழை அறுந்து, மேல் ரப்பர் மட்டும் காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்த நிலையில் மணிக்கு 65 மைல் வேகத்தில் வந்திருக்கிறோம், பின் இருக்கையில் இரண்டு பிள்ளைகள்.

திறந்திருந்த டயர் கடை ஒன்றும் கிடைக்கவில்லை. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, அங்கேயே ஒரு முகாமில் இரவு தங்கி, திங்கள் காலை இரண்டு பின் டயரையும் மாற்றினோம். கொலராடோ பயணத்தை விட்டுவிட்டுத் திரும்பினோம். அமரில்லோ வந்ததும் முதல் வேலையாக ஒரு டிரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் எடை மேடையில் ஏறினேன். முன் அச்சு ஒரு தட்டிலும் பின் அச்சு ஒரு தட்டிலும் டிரெய்லர் அச்சுகள் மூன்றாவது தட்டிலும் நிற்கும், சீட்டில் மூன்றும் தனித்தனியாக வரும். முன் அச்சு 4,900. பின் அச்சு 6,800. டிரெய்லர் 10,520. பிறகு டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு டிரக்கை மட்டும் ஏற்றினேன், பின் அச்சு 4,020. ஆக டிரெய்லரின் மூக்கு மட்டும் என் பின் அச்சில் ஏற்றியது 2,780 பவுண்டு, கிலோவில் 1,260. டிரெய்லரின் கையேட்டில் 2,100 என்று போட்டிருந்தார்கள். அது தண்ணீர், துணிமணி, அரிசி மூட்டை, கேஸ், பேட்டரி எதுவும் ஏற்றாத காலி டிரெய்லரின் கணக்கு.

இப்போது டிரக் பக்கம் வாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர், ஆட்களும் சுமையும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று. என்னுடையதில் 2,215. டீசல் இன்ஜினின் எடையே அதிகம், டிரக்கும் சுமையும் சேர்ந்த மொத்த உச்ச எடையோ 10,000 பவுண்டில் நிற்கிறது, அதனால் சுமக்க மிஞ்சுவது குறைவு. எங்கள் நால்வர் எடை 560, டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் 170, ஜெனரேட்டர், விறகு, கருவிப் பெட்டி என்று தொட்டியில் 400, மூக்கு எடை 2,780. கூட்டினால் 3,910. அனுமதியைவிட 1,695 பவுண்டு அதிகம். டயர் கணக்கு இதைவிடப் பயம். 6,800ஐ இரண்டு டயருக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 3,400. அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, 80 பி.எஸ்.ஐ. முழுக் காற்று இருந்தால், 3,640. காற்று கொஞ்சம் குறைந்தாலே அந்த இடைவெளி காணாமல் போகும். ஜூன் மாத டெக்சாஸ் ரோட்டில் எட்டு மணி நேரம் அப்படி ஓட்டியிருக்கிறேன்.

டிரெய்லர் விற்ற இடத்தில், பின்புறம் தாழ்வதைப் பற்றி முன்பே கேட்டிருந்தேன். "ஏர்பேக் போட்டுக்கோங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார்கள். போட்டேன். இந்த ஏர்பேக் விபத்தில் விரியும் பை அல்ல, பின் ஸ்பிரிங்கோடு மாட்டும் காற்றுப் பை. அது தாழ்ந்த பின்புறத்தைத் தூக்கி நிறுத்தும், வண்டி நேராக நிற்கும், விளக்கு வானத்தைப் பார்க்காது. ஆனால் டயரும் அச்சும் தாங்கும் அளவை ஒரு பவுண்டுகூடக் கூட்டாது. வண்டி பார்க்க நேராக நின்றதால்தான் இத்தனை நாள் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் டூயலிக்கு மாறினேன். மொத்த உச்ச எடை 14,000, சுமக்க மிஞ்சுவது 5,400 பவுண்டுக்குப் பக்கம். அதே ஆட்கள், அதே சாமான், அதே டிரெய்லரோடு மறுபடி எடை போட்டதில் பின் அச்சு 7,440, ஏனென்றால் டிரக்கே கனம். நான்கு டயருக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 1,860. இந்த டயர்கள் கொஞ்சம் ஒல்லி, ஜோடியாக ஓடும்போது ஒன்று தாங்கும் அளவு 2,910. தனியாக ஓடினால் 3,195 தாங்கும் டயரே ஜோடியில் 2,910தான், ஏனென்றால் இரண்டும் எப்போதும் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொள்வதில்லை. அப்படியிருந்தும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கையிருப்பு இருக்கிறது.

ஓட்டும்போது இது எப்படித் தெரியும்? காற்றில்தான் தெரியும். சில்ட்ரெஸ்ஸுக்கும் கிளாரெண்டனுக்கும் நடுவே வெறும் சமவெளி, பக்கவாட்டுக் காற்றைத் தடுக்க ஒரு மரம் கிடையாது. பழைய டிரக்கில் ஒரு பெரிய லாரி நம்மைத் தாண்டும்போது முதலில் டிரெய்லர் அதன் பக்கம் உறிஞ்சப்படும், அடுத்த நொடி வெளியே தள்ளப்படும், அந்த அசைவு டிரக்கின் பின்புறத்தில் ஏறி ஸ்டியரிங்கில் வந்து நிற்கும். பாரம் ஏறிய டயரின் பக்கச் சுவர் வளைந்து கொடுப்பதால் வண்டி ஒரு மெத்தைமேல் நிற்பதுபோல ஆடும். 300 மைல் முடிந்து இறங்கினால் தோள்பட்டை இறுகிப்போயிருக்கும். டூயலியில் அதே இடத்தில், அதே காற்றில், டிரெய்லர் ஆடுவது கண்ணாடியில் தெரிகிறது, ஆனால் டிரக் அதைக் கேட்பதில்லை. கையில் வந்து சேர்வது ஒரு சின்ன இழுப்பு மட்டும். சாயங்காலம் முகாமில் போய் நிறுத்தியபின் பிள்ளைகளோடு நடக்கப் போகிற அளவுக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது. எனக்கு இந்த ஒன்றே போதும்.

ஏற்றத்தில் வித்தியாசம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ரட்டோன் கணவாய் 7,834 அடி, இரண்டு டிரக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஏறின, இன்ஜின் ஒரே ரகம் என்பதால். இறக்கத்திலும் வேலை செய்வது, இன்ஜின் புகையைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் டிரெய்லரின் சொந்த பிரேக்கும்தான். டயர் கூடியதால் மலை சின்னதாகிவிடாது. வளைவில் மட்டும் கால் அகட்டி நிற்பதுபோல ஒரு நிதானம் இருக்கிறது.

இனி சிரமங்கள். டூயலியின் இடுப்பு அகலம் 96 அங்குலம், எட்டு அடி. ஒற்றைச் சக்கர டிரக் 80 அங்குலம். கடைத்தெருவில் நிறுத்துமிடமே ஒன்பது அடிதான் இருக்கும், அதனால் நான் எப்போதும் கடைசி வரிசையில் நிறுத்திவிட்டு நடக்கிறேன். தானியங்கிக் கார்வாஷ் பெரும்பாலும் சேர்க்காது. வங்கி டிரைவ் த்ரூவில் பின் ஃபெண்டர் திண்டில் உரசி, வலப்பக்கம் ஒரு கோடு விழுந்திருக்கிறது. முன்பக்கம் நுழைந்துவிட்டது என்று நம்பித் திருப்பினால் பின்பக்கம் நுழையாது, இது பழக எனக்கு ஆறு மாதம் ஆனது. ஆனால் டிரெய்லர் மாட்டியிருக்கும்போது இதே அகலம் உதவுகிறது. என் டிரெய்லரும் எட்டு அடிதான், டிரக் போன இடத்தில் அதுவும் போகும்.

காலியாக ஓடும்போது எடை நான்கு டயரில் பரவிவிடுவதால் பிடிப்பு குறைவு. கிழக்கு டெக்சாஸில் ஒரு முகாமில், மழை பெய்த புல்லில், டிரெய்லரைக் கழற்றியபின் பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. நான்கு சக்கர ஓட்டம் போட்டுத்தான் வெளியே வந்தேன். பனிப் பிரதேசத்தில் தினமும் ஆபீஸ் போக இதே வண்டிதான் என்றால் நன்றாக யோசியுங்கள். காலியாக ஓடினால் கேலனுக்கு 15, 16 மைல் கிடைக்கிறது, பழையது 17, 18 கொடுத்தது. டிரெய்லரோடு இரண்டும் 9, 10தான்.

நான் அதிகம் கவலைப்படுவது உள் டயரைப் பற்றி. வெளி டயர் இறங்கினால் கண்ணில் படும். உள் டயர் முழுக்க இறங்கினாலும் வெளி டயர் வண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும், இருக்கையில் ஒன்றும் தெரியாது. இரண்டு பேர் சுமையை ஒருவரே சுமந்து சூடாகி, கடைசியில் அதுவும் போகும். என் பெரியப்பா நாமக்கல்லில் லாரி வைத்திருந்தார். ஒவ்வொரு டீக்கடை நிறுத்தத்திலும் கிளீனர் ஒரு இரும்புக் கம்பியோடு இறங்கி, பின் டயர் ஒவ்வொன்றையும் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே சுற்றி வருவார். காற்று உள்ள டயர் கணீரென்று திருப்பி அடிக்கும், இறங்கிய டயர் தலையணையைத் தட்டியதுபோல மொத்தென்று கேட்கும். நானும் ஒவ்வொரு டீசல் நிறுத்தத்திலும் அதையே செய்கிறேன், ரப்பர் சுத்தியலால். தட்டினால் முழுதாக இறங்கியது மட்டும்தான் தெரியும், ஐந்து பத்து பி.எஸ்.ஐ. குறைவு தெரியாது. அதனால் பயண நாள் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது, ஆறையும் கேஜ் வைத்துப் பார்க்கிறேன். உள் டயரின் வால்வை வெளிச் சக்கரத்தின் துளை வழியாக எட்டிப் பிடிக்க வேண்டும், முட்டி போட்டு, டார்ச் அடித்து. இரண்டு டயருக்கும் நடுவே கல் மாட்டியிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். ஜல்லி ரோட்டு முகாம்களில் மாட்டும்.

இன்னொரு விஷயம் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, ஓட்டுநர் உரிமம். டெக்சாஸில் டிரக்கின் உச்ச எடையும் டிரெய்லரின் உச்ச எடையும் சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டி, டிரெய்லர் 10,000க்கு மேல் இருந்தால், சொந்த உபயோகத்துக்கே கிளாஸ் ஏ உரிமம் வேண்டும். வணிக உரிமம் அல்ல, ஆனால் தனி எழுத்துத் தேர்வும், வண்டியோடு போய் ஓட்டிக் காட்டும் தேர்வும் உண்டு. பழைய டிரக்கில் 10,000, 14,000 சேர்த்து 24,000, தேவைப்படவில்லை. டூயலி வந்ததும் 28,000. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, வாங்கும் முன் உங்கள் மாநிலத்தில் பார்த்துவிடுங்கள்.

எல்லோருக்கும் டூயலி வேண்டுமா என்றால், இல்லை. பம்பருக்குப் பின்னால் மாட்டும் டிராவல் டிரெய்லரில் நாக்கு எடை, அதாவது டிரக்மேல் இறங்கும் எடை, 10 முதல் 15 சதவீதம்தான். 8,000 பவுண்டு டிரெய்லருக்கு 800 முதல் 1,200. எடையைப் பங்கிடும் ஹிட்ச் போட்டு, முக்கால் டன் ஒற்றைச் சக்கரத்தில் நிம்மதியாகப் போகலாம். 10,000, 11,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் என்றால் ஒரு டன் ஒற்றைச் சக்கரம் நல்ல நடுவழி. ஃபோர்ட் எஃப் 350, ராம் 3500, ஷெவி சில்வராடோ 3500 எச்.டி. மூன்றும் இரண்டு வடிவத்திலும் கிடைக்கும். ஊருக்குள் ஓட்ட எளிது, நான்கு டயர் செலவுதான். என் 3,910 பவுண்டுச் சுமைக்கு அது விளிம்பில்தான் நின்றிருக்கும், அதனால் நான் தாண்டிவிட்டேன். 12,000க்கு மேலே உச்ச எடை உள்ள ஃபிஃப்த் வீல், குடும்பத்தோடு, நீண்ட தூரம் என்றால் நான் யோசிக்காமல் டூயலி என்பேன். தங்கும் அறையாகத் தொட்டிமேல் ஏற்றும் பெரிய கேம்பர் வாங்குகிறவர்களுக்கும் அதேதான், அங்கே முழு எடையும் பின் அச்சில்தான் உட்கார்கிறது.

எதை வாங்கினாலும், ஷோரூமில் இழுவைத் திறனைக் கேட்காமல் கதவைத் திறந்து தூணைப் பாருங்கள். உச்ச எடை 10,000 பவுண்டைத் தாண்டிய டிரக்குகளுக்கு அந்தச் சுமை ஸ்டிக்கர் கட்டாயமில்லை. அப்போது அந்த டிரக்கையே எடை மேடையில் ஏற்றி, உச்ச எடையிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். டிரெய்லரின் மூக்கு எடைக்கு, காலி எடையை விட்டுவிட்டு உச்ச எடையில் 20 முதல் 25 சதவீதம் போடுங்கள். என்னுடையது 13,300 பவுண்டில் 21 சதவீதம் வந்தது.

இந்த மார்ச்சில் ஆறு டயரையும் சேர்த்து மாற்றினேன். உள் வால்வுகளுக்கு எஃகுக் குழாய் போடச் சொன்னேன், பழைய ரப்பர் நீட்டிப்புகளில் ஒன்று மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. ஐம்பது மைல் ஓடியதும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி முறுக்கியாயிற்று. ஜூனில் மறுபடியும் கிளேட்டன் வழியாகத்தான் போகிறோம்.