பதினெட்டு வயதில் பணம் கைக்கு வருமா? செல்வமகளும் பிபிஎஃப்பும்

மகள் பெயரில் போட்ட பணம் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவும் என்று நம்பித்தான் பலரும் செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் தொடங்குகிறார்கள். 21 வயதில் முழுப் பணமும் வரும் என்பது பரவலான எண்ணம். அது தவறு. கணக்கு தொடங்கிய நாளிலிருந்துதான் 21 ஆண்டுகளை எண்ண வேண்டும். ஒன்பது வயதில் தொடங்கினால், முதிர்வின்போது அவளுக்கு வயது 30!

பதினெட்டில் கணக்கு அவள் பொறுப்புக்கு வந்துவிடும். ஆனால் மேற்படிப்புக்கு எடுக்கலாம் என்றால், முந்தைய நிதியாண்டின் இறுதி இருப்பில் பாதி வரைதான். அதுவும் சேர்க்கைக் கடிதமோ கட்டண ரசீதோ காட்டி, கட்டணத் தொகை அளவுக்கு மட்டும். 18 வயதுக்குப் பின் திருமணம் என்றால் கணக்கையே முடித்துக்கொள்ளலாம். படிப்புக்குப் பாதி, கல்யாணத்துக்கு முழுசு என்ற இந்தக் கணக்கு எனக்கு உறுத்துகிறது.

பொது வருங்கால வைப்பு நிதியான பிபிஎஃப்பில் காலம் 15 நிதியாண்டு. இரண்டு, மூன்று வயதில் தொடங்கினால் கல்லூரிப் பருவத்தில் முழுத் தொகையும் கிடைக்கும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. மகனுக்கும் தொடங்கலாம். 18 ஆனதும் அடையாள, முகவரிச் சான்றுகளான கேஒய்சி ஆவணங்களோடு விண்ணப்பித்து, மேஜர் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். ஓர் ஆண்டில் போடக்கூடிய வரம்பான ஒன்றரை லட்சம் ரூபாயில் பெற்றோரின் சொந்த பிபிஎஃப் கணக்கும் சேர்ந்துவிடும் என்பதுதான் இடைஞ்சல்.

வட்டியில் செல்வமகள்தான் மேல். 2024 தொடக்கத்தில் அதற்கு 8.2 சதவீதம், பிபிஎஃப்புக்கு 7.1. இருந்தாலும் பெண்ணுக்கு ஏழெட்டு வயது தாண்டிவிட்டதா? அப்படியானால் படிப்புச் செலவுக்குச் செல்வமகளை மட்டும் நம்பாதீர்கள்.