நியூயார்க்கா, பால்டிமோரா?

கலைப் பள்ளிக்கே போகாதவர்களின் கலையைப் பார்க்க அமெரிக்காவில் இரண்டு இடங்கள். நியூயார்க்கில் 1961இல் தொடங்கிய அமெரிக்க நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம்; பால்டிமோரில் 1995இல் திறந்த அமெரிக்கன் விஷனரி ஆர்ட் மியூசியம்.

நியூயார்க்கில் நுழைவு இலவசம், இடம் சின்னது. அங்கே ஹென்றி டார்ஜரின் படைப்புகள் நிறைய இருக்கின்றன. சிகாகோவில் மருத்துவமனைகளில் துப்புரவு வேலை பார்த்தவர். வாடகை அறையில் யாருக்கும் சொல்லாமல் 15,000 பக்கங்களுக்கு மேல் கதை எழுதினார். அதற்குப் பத்திரிகைப் படங்களைப் பிரதியெடுத்து, வாட்டர்கலர் பூசி, நீள நீளத் தாள்களில் இரண்டு பக்கமும் வரைந்தார். ஆனால் அருங்காட்சியகத்தில் கண்காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும். போகும்போது அவர் படம் சுவரில் இருக்குமா என்று முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

பால்டிமோரில் டிக்கெட் உண்டு. ஒரே கருப்பொருளில் பெரிய கண்காட்சி, கிட்டத்தட்ட வருடம் முழுக்க. நிகழ்ச்சி என்றால் மே மாதப் பந்தயம்தான்: மிதித்தே ஓட்டும் சிற்பங்கள் தெருவில், சேற்றில், தண்ணீரில்கூடப் போகும். ராட்சத இளஞ்சிவப்பு பூடில் நாய்ச் சிற்பம் ஒன்று வருடாவருடம் வரும். சரியாக நடுவில் முடிப்பவருக்கும் பரிசு உண்டு!

பிள்ளைகளோடு என்றால் பால்டிமோர். தனியாக என்றால் என் ஓட்டு நியூயார்க்குக்கு; டார்ஜரை அவசரமாகப் பார்க்க முடியாது.