ஒரே வெள்ளம், அப்பாவுக்குக் கெண்டைக்கால், பிள்ளைக்கு வயிறு: சென்னை லீவும் எலிக்காய்ச்சலும்

டிசம்பர் லீவுக்கு வெளிநாட்டிலிருந்து சென்னை வருகிறவர்கள் வடகிழக்குப் பருவமழையின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள். வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ தெருவில் தண்ணீர் தேங்கினால், அதில் எலி மூத்திரம் கலந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருக்கும் லெப்டோஸ்பைரா கிருமிதான் எலிக்காய்ச்சலைத் தருவது. அது கால் சிராய்ப்பு வழியாக ஏறும். கண், மூக்கு, வாய் வழியாகவும் ஏறும். பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் தொடங்கும். 30 நாள் வரையும் தள்ளிப்போகலாம்.

பெரியவருக்குக் குளிர் காய்ச்சல், மண்டையிடி, கெண்டைக்காலைத் தொட்டாலே வலி. கண் சிவந்திருக்கும், ஆனால் பீளை இருக்காது. பிள்ளைக்குக் கெண்டைக்கால் என்று சொல்லத் தெரியாது. "நடக்க மாட்டேன், தூக்கு" என்று அழும். வாந்தி, வயிற்றுவலி, பேதி முந்திக்கொள்வதால், "ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கலை" என்று வீட்டில் ஓஆர்எஸ் கரைத்துக் கொடுத்துக் காத்திருப்பார்கள். தவறு அங்கேதான் நடக்கிறது. மஞ்சள் காமாலை, கிட்னி செயலிழப்பு, நுரையீரலில் ரத்தக்கசிவு மூன்றும் பெரியவர்களிடமே அதிகம். வயது ஏற ஏற ஆபத்தும் ஏறும். தாத்தாவும் அந்தத் தண்ணீரில் இறங்கியிருந்தால் முதலில் அவரைப் பாருங்கள்.

லேப் விஷயத்தில் கொஞ்சம் விவரமாக இருக்க வேண்டும். காய்ச்சலுக்கென்று விற்கும் பேக்கேஜில் டெங்கு, மலேரியா, டைபாய்டுக்கான வைடால் இருந்தாலும், எலிக்காய்ச்சலுக்கான எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் லெப்டோ ஐஜிஎம் பல இடங்களில் இருக்காது, கேட்டால்தான் சேர்ப்பார்கள். அதையும் இரண்டாம் நாளே எடுத்தால் 'நெகட்டிவ்' வரும், ஏனென்றால் எதிர்ப்புப் புரதம் உருவாக 5 முதல் 7 நாள் ஆகும். முதல் வாரத்தில், கிருமியின் மரபணுவையே தேடும் ரத்த பிசிஆர் உதவும். தட்டணு (பிளேட்லெட்) டெங்கு, எலிக்காய்ச்சல் இரண்டிலும் குறையும் என்பதால் அதை வைத்து மட்டும் டெங்கு என்று முடிவுகட்டக் கூடாது. டெங்குவில் வெள்ளணு பெரும்பாலும் இறங்கும். எலிக்காய்ச்சலில் ஏறுவதே வழக்கம். கல்லீரல் சோதனையில் பிலிருபின் எகிறி, எஸ்ஜிபிடி சுமாராகவே ஏறியிருந்தால் சந்தேகம் வலுக்கும். கிட்னியைக் காட்டும் கிரியாட்டினினும் கட்டாயம் பாருங்கள்.

நோய் கடுமையாகாத பெரியவருக்கு டாக்டர் வழக்கமாக எழுதுவது டாக்சிசைக்ளின் 100 மி.கி., நாளைக்கு இரண்டு வேளை, 7 நாள். 8 வயதுக்குக் கீழே, கர்ப்பிணிகளுக்கு, பெரும்பாலும் அமாக்சிசிலின். சந்தேகம் பலமாக இருந்தால் ரிப்போர்ட்டுக்காக மருந்தைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

பாராசிட்டமால் சிரப் வாங்கும்போது பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். லண்டன் வீட்டில் சின்னக் குழந்தைக்கு ஊற்றுவது 5 மில்லியில் 120 மி.கி.; இங்கே மெடிக்கலில் 250-ம் கொடுப்பார்கள். கிலோவுக்கு 15 மி.கி. கணக்கில் 12 கிலோ குழந்தைக்கு 180 மி.கி.; அதாவது அங்கே 7.5 மில்லி, இங்கே 3.6 மில்லி. பழக்கத்தில் 7.5 ஊற்றினால் டோஸ் இரட்டிப்பாகிவிடும். ஐபுப்ரோஃபென் பக்கம் போகவே வேண்டாம். கிட்னிக்கும் ரத்தக்கசிவுக்கும் ஆகாது.

மூத்திரம் குறைந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, குழந்தை மயங்கிச் சோர்ந்தாலோ கிளினிக் டோக்கனுக்குக் காத்திருக்காமல் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். குழந்தைகளுக்கு எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, பெரியவர்களுக்கு சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அவசரப் பிரிவு இரவிலும் உண்டு.

ஃப்ளைட் ஏறிய பிறகு காய்ச்சல் வந்தால், அங்குள்ள டாக்டர் மலேரியா, டெங்குவில்தான் தொடங்குவார். எந்தத் தேதியில் தேங்கிய தண்ணீரில் இறங்கினீர்கள் என்பதை அவர் கேட்கும்முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.