கை மரத்துப்போகுதா? பார் எண்ட் வெயிட்டா, ஃபோம் கிரிப்பா?

சிங்கிள் சிலிண்டர் பைக்கில் நெடுந்தூரம் போய், ஹேண்டில்பார் அதிர்வால் கை மரத்துப்போகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது: பார் நுனியில் மாட்டும் உலோக எடையா (பார் எண்ட் வெயிட்), கைப்பிடியில் ஏற்றும் பஞ்சு உறையா (ஃபோம் கிரிப்)? எதை வாங்கும் முன்பும் இன்ஜின் மவுண்டிங் போல்ட், ஹேண்டில்பார் கிளாம்ப் போல்ட் இரண்டும் டைட்டா என்று பாருங்கள். லூஸாக இருந்தால் எது போட்டாலும் வீண்.

அதிர்வு
வெயிட்: பார் நுனியில் எடை ஏறுவதால், குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் (இன்ஜின் சுற்றும் வேகத்தில்) வரும் 'விர்ர்' வேறு ஆர்பிஎம்முக்கு நகரும். முழுசாகப் போகாது; நீங்கள் வழக்கமாக ஓட்டும் வேகத்தை விட்டு அந்த 'விர்ர்' விலகினால் அதுவே பெரிய நிம்மதி.
ஃபோம்: பார் அதிர்வது அப்படியேதான், உள்ளங்கைக்கு வருவது மட்டும் குறையும்.

உழைப்பு
வெயிட்: வண்டி இருக்கும்வரை.
ஃபோம்: மழையும் வியர்வையும் குடித்து ஊறிக் கிழியும். விலை குறைவு.

மாட்டுவது
வெயிட்: ஆலன் கீ போதும். ஆக்ஸிலரேட்டர் பக்கம் கிரிப்புக்கும் வெயிட்டுக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி கட்டாயம். உரசினால் முறுக்கிய ஆக்ஸிலரேட்டர் திரும்பாது, உயிருக்கே ஆபத்து. இன்ஜினை அணைத்துவிட்டு, முறுக்கி விட்டுப் பாருங்கள், 'டக்'கென்று திரும்ப வேண்டும்.
ஃபோம்: சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றி, ஒரு ராத்திரி காயவிடுங்கள். ஈரமிருந்தால் வழுக்கும். சின்னக் கை உள்ளவர்களுக்குப் பிடி தடித்து, கிளட்ச் எட்டாமல் முன்கை வலிக்கும்.

ஹைவேயில் ஒரே வேகத்தில் ஓட்டுபவருக்கு வெயிட். ஊருக்குள் ஓட்டுபவருக்கு ஃபோம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் மரத்தால், உள்ளங்கை ஓரத்து நரம்பு அழுந்துகிறது. பாரில் உடம்பைச் சாய்ப்பதைக் குறையுங்கள். வண்டியை விட்டு இறங்கி வெகுநேரமாகியும் மரப்பு போகாவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.