காஸ்மிக் வாட்ச் மியூவான் பெட்டி: வாங்குவதானால் இரண்டாக வாங்குங்கள்

மியூவான் என்பது வானிலிருந்து ஓயாமல் பொழியும், எலக்ட்ரானைப் போன்ற ஆனால் அதைவிடக் கனமான நுண்துகள். அதை எண்ணும் காஸ்மிக் வாட்ச் பெட்டிகளில் ஒரு ஜோடியை எங்கள் பள்ளி இயற்பியல் ஆய்வகத்துக்காகச் செய்தோம். அமெரிக்காவின் எம்ஐடி இயற்பியலாளர்களும் போலந்தின் அணு ஆய்வு மையத்தாரும் சேர்ந்து உருவாக்கிய வடிவம் இது. சர்க்யூட் படம், உதிரிபாகப் பட்டியல், ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகைக்கான நிரல் எல்லாம் இலவசம். ஒரு பெட்டிக்கு சுமார் 100 டாலர் என்பது அவர்கள் கணக்கு. இங்கே சுங்கமும் கூரியர் செலவும் சேர்ந்து அதைத் தாண்டிவிடும்.

உள்ளே இருப்பது 5 செ.மீ. சதுரமும் 1 செ.மீ. தடிமனும் கொண்ட சின்டில்லேட்டர், அதாவது துகள் பாய்ந்தால் ஒளிரும் பிளாஸ்டிக். மியூவான் ஒன்று அதை ஊடுருவினால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒளி பிறக்கும். அந்த ஒளியை ஒரு சிலிக்கான் சென்சார் பிடித்து மின்துடிப்பாக்குகிறது. எல்இடி மின்னுகிறது, சின்னத் திரையில் எண்ணிக்கை ஏறுகிறது. பவர் பேங்க் போதும்.

ஆர்டுயினோ நானோவும் மற்ற சில்லறைச் சாமான்களும் ரிச்சி தெருவில் கிடைத்துவிடும். சென்சாரும் சின்டில்லேட்டரும்தான் பாடுபடுத்தும். ஒரு விற்பனையாளர் அனுப்பிய பிளாஸ்டிக்கின் ஓரமெல்லாம் சொரசொரவென்று இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டியிருந்தது. பொடிப்பொடியான பாகங்களை சால்டரிங் செய்வது பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கஷ்டம், பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். வெளி வெளிச்சம் புகாதபடி பிளாஸ்டிக்கையும் சென்சாரையும் கறுப்பு டேப்பால் இடைவெளியே இல்லாமல் சுற்றுங்கள். சுற்றியபின் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் படும்போது எண்ணிக்கை தாவினால் எங்கோ ஒளி கசிகிறது.

ஒன்று மட்டும் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். சுவரிலும் தரையிலும் இருக்கிற இயற்கைக் கதிரியக்கத்தையும் தனிப்பெட்டி சேர்த்து எண்ணிவிடும். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஆடியோ கேபிள் போன்ற 3.5 மி.மீ. கேபிளால் இணைத்தால் கதையே வேறு. முதல் பெட்டியும் கூடவே துடித்தால்தான் இரண்டாவது பெட்டி எண்ணும். இரண்டையும் ஒரே பாய்ச்சலில் துளைத்துப் போவது பெரும்பாலும் மியூவான்தான். அப்புறம் ஜோடியைச் சாய்த்துப் பாருங்கள், எண்ணிக்கை குறையும். நேர் மேலிருந்துதான் அதிகம் வருகின்றன என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள்.

மாடிப்படிக்கு அடியில் வைத்தபோது ஒரு மாணவி, "சார், இத்தனை கான்கிரீட்டையும் தாண்டியா வருது?" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். ஆமாம். விண்வெளியிலிருந்து வரும் புரோட்டான் காற்றின் அணுக்கருவில் மோத, சுமார் 15 கி.மீ. உயரத்தில் பிறக்கிறது மியூவான். அதன் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. ஒளி வேகத்தில் போனாலும் அதற்குள் 660 மீட்டர்தான் கடக்க முடியும். ஆனாலும் தரைக்கு வந்துசேர்கிறது, ஏனென்றால் அந்த வேகத்தில் அதன் கடிகாரம் நமக்கு மெதுவாக ஓடுகிறது. ஐன்ஸ்டீனின் சார்பியலை இவ்வளவு நேரடியாகக் காட்டும் வேறு கருவி எங்கள் ஆய்வகத்தில் இல்லை.

பள்ளிச் சுற்றுலாவில் ஊட்டிக்கும் எடுத்துப்போனோம். மேட்டுப்பாளையத்தில் வந்த வேகத்தை விட மேலே எண்ணிக்கை நன்றாகவே கூடியிருந்தது. 1912இல் இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் பலூனில் 5 கி.மீ.க்கு மேல் ஏறிக் கண்டதும் இதே போக்குதான்: மேலே போகப் போகக் கதிர்வீச்சு கூடுகிறது.

இதனால் முடியாததும் உண்டு. விண்வெளியிலிருந்து வந்து காற்றில் மோதிய மூலத் துகளின் ஆற்றலை இது சொல்லாது. அதற்கு அதே ஊட்டியில் இருக்கும் கிரேப்ஸ்-3 என்ற விண்கதிர் ஆய்வுக்கூடம் மாதிரி, பரந்த நிலத்தில் சுமார் 400 சின்டில்லேட்டர்களும் 560 சதுர மீட்டர் மியூவான் தொலைநோக்கியும் வேண்டும். 2014 டிசம்பரில் ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை, மியூவான் எண்ணிக்கை குறைந்ததை வைத்தே அங்கே கணக்கிட்டார்கள்.

பள்ளிக்கும் கல்லூரிக்கும் தாராளமாகப் பரிந்துரைப்பேன். தரவை யூஎஸ்பி வழியாகவும் எடுக்கலாம் என்றாலும் எஸ்டி கார்டு வசதியோடு செய்துகொள்ளுங்கள். இரவு முழுக்க ஓடவிடும்போது கணினியைக் கட்டிப்போட வேண்டியதில்லை.